கார் ஓட்டுறது ரெண்டு பேர், டீமை ஓட்டுறது யாரு?

நான் தர்மபுரிக்காரன். எங்க ஊருக்கும் ரேஸிங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கன்னா, டிவிஎஸ் ரேஸிங் டீம் ஆரம்பிச்ச 1982-ல, அவங்க ஃபேக்டரி இருக்கிற ஓசூர் தர்மபுரி மாவட்டத்துலதான் இருந்துச்சு. 2004-லதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. ஆனா இன்னைக்குப் பேசப்போறது, ஃபார்முலா ஒன்ல ஓடின நம்ம நாட்டு டீம் ஃபோர்ஸ் இந்தியா பத்தி.

முதல்ல ஒரு அடிப்படை. பரிசுப் பணம், டீம் எத்தனாவது இடம்ங்கிறதை வெச்சு வரும். ஆனா ஒரு டிரைவரோட திறமையை அளக்க நேரடியான அளவுகோல், அதே காரை ஓட்டுற சக டிரைவர்தான். அதனால முதல் எதிரி பக்கத்து சீட்லயே இருக்கார்.

2017-ல செர்ஜியோ பெரெஸும் எஸ்தபான் ஓகானும் பாகுல மோதிக்கிட்டாங்க. பெல்ஜியத்துல மறுபடியும் மோதினாங்க. அதுக்கப்புறம், "இனி உங்களுக்குள்ள இஷ்டத்துக்கு ரேஸ் பண்ணக்கூடாது"ன்னு டீம் முடிவெடுத்துச்சு. ரெண்டு பேருக்கும் பிடிக்காத முடிவு. ஆனா அந்த வருஷம் டீம் 187 புள்ளியோட நாலாவது இடம்.

அடுத்த வருஷமே பணம் தீர்ந்துபோச்சு. உரிமையாளர் விஜய் மல்லையா இந்தியாவுல கடன் வழக்குகள்ல சிக்கியிருந்தார். டீமுக்குக் கடன் கொடுத்தவங்க அதைக் கலைக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போனா, சாமானை வித்துட்டு கடையை மூட வேண்டியதுதான். இன்னொரு வழி, கடையைத் திறந்து வெச்சபடியே ஒரு நிர்வாகிகிட்ட ஒப்படைச்சு, வாங்க ஆள் தேடுறது. 2018 ஜூலையில இந்த ரெண்டாவது வழிக்காக கோர்ட்டுக்குப் போனது யார் தெரியுமா? சம்பள பாக்கி இருந்த பெரெஸ். டீம் ஆளுங்களே கேட்டுக்கிட்டதாலதான் செஞ்சேன்னு அவரே சொன்னார். 405 பேர் வேலை தப்பிச்சது.

அதோட முடியல. லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு டீமை வாங்கினப்போ, பழைய பரிசுப் பணம் கிடைக்க போட்டி டீம்களோட சம்மதம் வேணும். அதை வாங்கினாங்க. பதிலுக்கு, அதுவரை எடுத்த புள்ளிகள் போச்சு; பெல்ஜியத்துல பூஜ்யத்துல இருந்து ஆரம்பம். புதுத் தலைவர் ஒட்மார் ஸாஃப்னவர். முதல் ரேஸ்லயே அஞ்சாவது, ஆறாவது இடம்.

இதுக்கும் ஒரு விலை இருந்துச்சு. 2019-ல உரிமையாளரோட மகன் லான்ஸ் ஸ்ட்ரோல் சீட்டுக்கு வந்தார். ஓகான் வெளியே நின்னார்.

நம்ம ஆஃபீஸ்லயும் "பாலிடிக்ஸ்"னாலே கெட்ட வார்த்தை மாதிரி பேசுறோம். 405 பேருக்கு அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் அதே பாலிடிக்ஸாலதான். கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: அது யாரைக் காப்பாத்துச்சு, அதுக்கான விலையை யார் கொடுத்தாங்க?