சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் 2018–19 ஐ-லீக் பருவம்

2018–19 ஐ-லீக் பருவம் என்பது 2007இல் தொடங்கப்பட்ட ஐ-லீக் கால்பந்துத் தொடரின் 12ஆவது பருவம் ஆகும். 2018 அக்டோபர் 26 முதல் 2019 மார்ச் 9 வரை நடைபெற்ற இப்பருவத்தில் 11 அணிகள் பங்கேற்றன. சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என்ற கணக்கில் 43 புள்ளிகள் பெற்று வாகையர் பட்டம் வென்றது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தையும், அப்பருவத்தில்தான் முதன்முறையாகத் தகுதி பெற்றிருந்த ரியல் காஷ்மீர் மூன்றாம் இடத்தையும் பெற்றன. ஐ-லீக்கையோ அதற்கு முன்னிருந்த தேசிய கால்பந்து லீக்கையோ தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வென்றது இதுவே முதல் முறை.

பின்னணி

சென்னையில் கால்பந்து நெடுங்காலமாக அலுவலக அணிகளின் ஆட்டமாகவே இருந்துவந்தது. இந்தியன் வங்கி, ஒருங்கிணைந்த ரயில்பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை, தமிழ்நாடு காவல்துறை ஆகியவற்றின் அணிகள் சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் லீக்கில் ஆடின. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான் வீரரின் உண்மையான வருமானம். ஆட்டம் அந்த வேலைக்கான வழி. இதை முழுத் தொழில்முறை என்றும் சொல்ல முடியாது, பொழுதுபோக்கு என்றும் ஒதுக்க முடியாது. இவ்வகை அணிகளுள் இந்தியன் வங்கி 1990களின் பிற்பகுதியில் தேசிய கால்பந்து லீக் வரை சென்றது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்குத் தேசிய லீக்கில் தமிழ்நாட்டின் பெயர் இல்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) தொடங்கியபோது சென்னைக்குச் சென்னையின் எஃப்.சி. என்ற அணி கிடைத்தது. அது 2015, 2017–18 ஆகிய இரு பருவங்களில் பட்டம் வென்றது. ஆனால் உள்ளூர் லீக்கிலிருந்து மேலேறி வந்த அணியன்று. புதிதாக உருவாக்கப்பட்ட அணி. உள்ளூர் லீக்கில் ஆடிவந்த சென்னை சிட்டி, 2016 டிசம்பரில் நேரடி நுழைவு முறையில் ஐ-லீக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதே முறையில் அதே நேரத்தில் உள்ளே வந்த மற்றோர் அணி பஞ்சாபின் மினர்வா பஞ்சாப்.

முதல் இரண்டு பருவங்களிலும் சென்னை சிட்டி 8ஆவது இடத்தையே பிடித்தது. இரண்டாம் பருவத்திலிருந்து தன் சொந்த மைதானத்தைக் கோயம்புத்தூர் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கிற்கு மாற்றிக்கொண்டது. சென்னையிலுள்ள அதே பெயர் கொண்ட அரங்கு ஐ.எஸ்.எல் அணியின் இருப்பிடமாக இருந்தது. இதனால், பெயரில் சென்னை இருந்தும், பம்மலிலோ தாம்பரத்திலோ இருக்கும் ரசிகர் ஒருவர் தம் அணியின் சொந்த மைதான ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டியிருந்தது. அணியைத் தத்தெடுத்துக்கொண்டது கோவைதான்.

அணியும் பயிற்றுநரும்

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் 2018–19 பருவத்துக்கு முன் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். பந்தைக் கீழேயே வைத்து, பின்களத்திலிருந்து சிறு சிறு கடத்தல்களால் முன்னேறும் ஆட்டமுறையை அவர் வலியுறுத்தினார். நீண்ட உதையும் உடல்வலுவும் கோலோச்சிய ஐ-லீக்கில் இது துணிச்சலான தெரிவு. அதற்கேற்ற வெளிநாட்டு வீரர்களை ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளிலிருந்து கழகம் கொண்டுவந்தது. முன்கள வீரர் பெட்ரோ மான்சி, தாக்குதல் நடுக்கள வீரர் நெஸ்டர் கோர்டில்லோ, நடுக்களத்தில் சாண்ட்ரோ ரோட்ரிகஸ், பின்களத்தில் ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். இந்தியாவில் அப்போது இவர்களை யாருக்கும் தெரியாது. பெரிய பெயருக்குப் பணம் கொடுக்காமல் ஆட்டமுறைக்குப் பொருந்துபவரைத் தேடியதே இக்கழகம் செய்த மிகச் சரியான காரியம் எனலாம்.

இந்திய வீரர்களில் தமிழ்நாட்டவர் பலர் இருந்தனர். சென்னை லீக்கில் ஆடி வளர்ந்த எட்வின் சிட்னி வன்ஸ்பால், இடப்புறப் பின்கள வீரர் அஜித்குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் ஆகியோர் அவர்களுட் சிலர். முந்தைய பருவத்தில் அணியின் முகமாக இருந்தவர், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூரான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். அவர் 2018இல் ஐ.எஸ்.எல் அணியான ஜாம்ஷெட்பூருக்குச் சென்றுவிட்டார். ஐ-லீக் கழகங்கள் வளர்த்தெடுக்கும் வீரர்கள் ஐ.எஸ்.எல்லுக்குப் போவது அக்காலத்தில் வழக்கமாகிவிட்டிருந்தது. எனவே பருவம் தொடங்கும்போது சென்னை சிட்டியை வெற்றி வாய்ப்புள்ள அணியாக எவரும் கருதவில்லை.

பருவத்தின் போக்கு

பருவத்தின் தொடக்க ஆட்டமே கோவையில் நடந்தது. 2018 அக்டோபர் 26 அன்று, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் அணியான இந்தியன் ஏரோஸை 4–1 என்ற கணக்கில் சென்னை சிட்டி வென்றது. அந்த ஆட்டத்தில் மான்சி மூன்று கோல்கள் அடித்தார். பருவ முடிவில் அவர் கணக்கு 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டினார்.

பட்டத்தைத் தீர்மானித்தவை என்று பின்னோக்கிப் பார்த்தால் ஈஸ்ட் பெங்காலுடனான இரண்டு ஆட்டங்களைச் சொல்ல வேண்டும். நவம்பரில் கொல்கத்தாவில் 2–1, ஜனவரியில் கோவையில் 2–1 என இரண்டிலும் சென்னை சிட்டி வென்றது. இவற்றுள் ஒன்று சமநிலையில் முடிந்திருந்தாலும், மற்ற முடிவுகள் மாறாதிருப்பின், ஈஸ்ட் பெங்கால் 43 புள்ளிகளுடன் முதலிடத்திலும் சென்னை சிட்டி 41 புள்ளிகளுடன் அதன் பின்னாலும் இருந்திருக்கும். நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசியாகத் தேசிய லீக்கை வென்றது 2003–04இல். அக்கழகத்தின் ரசிகர்களுக்கு இந்த இரு தோல்விகளும் ஆறாத வடு.

களத்துக்கு வெளியிலும் பருவம் அமைதியாக இல்லை. எல்லா ஆட்டங்களும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாது என்ற முடிவு நடுவில் வந்தபோது கழகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2019 பிப்ரவரி 14 அன்று நடந்த புல்வாமா தாக்குதலுக்குப் பின், மினர்வா பஞ்சாப் அணி ஸ்ரீநகர் செல்ல மறுத்தது. ரியல் காஷ்மீர் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது.

பிப்ரவரி இறுதியில் பட்டம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்ட நிலையில், மார்ச் 1 அன்று கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் சென்னை சிட்டி 3–2 எனத் தோற்றது. கடைசி நாளுக்கு முன் சென்னை சிட்டிக்கு 40, ஈஸ்ட் பெங்காலுக்கு 39 புள்ளிகள்.

கடைசி நாள்

2019 மார்ச் 9 அன்று இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. கோவையில் சென்னை சிட்டி, முந்தைய ஆண்டு வாகையரான மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவை எதிர்கொண்டது. சென்னை சிட்டி வென்றால் வேறு கணக்கே தேவையில்லை. வெல்லாவிட்டால், ஈஸ்ட் பெங்கால் வென்றாலே போதும், கோப்பை கொல்கத்தாவுக்குப் போகும்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை அதே நிலை. கோழிக்கோட்டில் அப்போது கோல் எதுவும் விழவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டால் பட்டம் கைமாறும் என்ற நிலையில் கோவை ரசிகர்கள் இடைவேளையைக் கழித்தனர். 56ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். 70ஆவது நிமிடத்தை ஒட்டி கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். கோல் அடிப்பது அவருடைய வழக்கமான பணியன்று. எதிரணியைத் தடுப்பதற்காகவே களமிறக்கப்பட்டவர் அவர்.

ஏறக்குறைய அதே வேளையில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு முன்னிலை தேடித்தந்தார். கோவைக்கு நிம்மதி. அது நீடிக்கவில்லை. ஹைமே சாண்டோஸ் கொலாடோ பெனால்டியில் சமன்செய்ய, லால்டன்மாவியா ரால்ட்டே அடுத்த கோலையும் அடித்து ஈஸ்ட் பெங்காலை 2–1 என முன்னே கொண்டுவந்தார். இப்போது கோவையில் மினர்வா ஒரு கோல் அடித்தால் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு. கூடுதல் நேரத்தில் கௌரவ் போரா தம் இரண்டாவது கோலை அடித்த பிறகே அரங்கு மூச்சு விட்டது. 3–1.

பட்டத்துக்குப் பின்

ஐசால் (2016–17), மினர்வா பஞ்சாப் (2017–18), சென்னை சிட்டி (2018–19) என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறிய கழகங்களே ஐ-லீக்கை வென்றன. பெரிய முதலீடும் பெயர்பெற்ற வீரர்களும் ஐ.எஸ்.எல் பக்கம் போனது இதற்கு ஒரு காரணம். அதற்காக அவற்றின் தரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் பல ஐ-லீக் கழகங்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகிக்கொள்ள, சென்னை சிட்டி கலந்துகொண்டது. அவ்வாண்டு ஐ.எஸ்.எல் வாகையரான பெங்களூரு எஃப்.சி.யைக் காலிறுதியில் 2–1 என வீழ்த்தியது. அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 3–0 எனத் தோற்றது. அதே ஆண்டு ஐ.எஸ்.எல் புள்ளிப்பட்டியலில் சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் இருந்தது.

வென்ற கழகம் மேலே செல்வதற்கு மட்டும் வழி இல்லை. ஐ-லீக் வாகையருக்கு ஐ.எஸ்.எல்லில் இடம் தரும் ஏற்பாடு அப்போது கிடையாது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி ஐ.எஸ்.எல் இந்தியாவின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் வாகையர் மேலேறும் முறை 2022–23 பருவத்திலிருந்துதான் என்று முடிவாயிற்று. ஆசிய வாகையர் லீக்கின் தகுதிச்சுற்றில் ஆடும் உரிமையும் கைமாறியது. அவ்வுரிமையைப் பெற்ற கடைசி ஐ-லீக் வாகையர் சென்னை சிட்டியே. 2020 ஜனவரி 14 அன்று அகமதாபாத்தில் நடந்த தகுதிச்சுற்று ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 1–0 எனத் தோற்றது. பின்னர் ஆடத் தொடங்கிய 2020 ஆசியக் கோப்பைக் கழகத் தொடரும் கொரோனா பெருந்தொற்றால் இடையில் கைவிடப்பட்டது.

2019 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியது. ஆனால் வென்ற அணி ஏற்கெனவே கலையத் தொடங்கியிருந்தது. எட்வின் சிட்னி வன்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குச் சென்றார். கோர்டில்லோ ஐதராபாத் அணியில் சேர்ந்தார். மான்சி 2020 ஜனவரியில் சப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதே ஆண்டில் அஜித்குமார் பெங்களூருக்குப் போனார். அக்பர் நவாசும் விலகினார். 2020–21க்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. 2021–22 பருவத்தில் மும்பையின் கென்க்ரே கழகம் லீக்கில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து எந்த அணியும் இல்லை.

கோவையில் கடைசி நாளில் தோற்ற மினர்வா பஞ்சாப், 2020இல் உரிமையாளரும் பின்னர் பெயரும் மாறி, 2022–23 ஐ-லீக்கை வென்றது. அவ்வெற்றியின் மூலம் ஐ.எஸ்.எல்லுக்கு மேலேறிய முதல் ஐ-லீக் கழகம் அதுவே.