பின் அச்சில் மறந்துபோன எண்ணெய்: வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் எந்த நட்டை முதலில் திறப்பது?

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து லிந்தாங், ஜாலோங், லாசா பக்கம் போகும் சாலைகளில் பிக்கப் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. செம்பனைக் குலை, உரமூட்டை, காய்கறி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிகள் அவை. பல வீடுகளில் அன்றாட வருமானமே அந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறது.

எஞ்சின் எண்ணெயை யாரும் மறப்பதில்லை. ஆனால் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குடம்போலத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இல்லை. அதைப் பார்க்க அளவுக்குச்சி கிடையாது. குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. வண்டி ஓடும்போது பின்னாலிருந்து ஊளையிடுவதுபோல் சத்தம் வரும் நாளில், பெரும்பாலும் உள்ளே பற்கள் தேய்ந்து முடிந்திருக்கும்.

அந்தக் குடத்துக்குள் என்ன நடக்கிறது?

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் வளைவில் ஓடும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வெளி வரிசையில் ஓடும் பிள்ளைக்குத் தூரம் அதிகம். வண்டி வளையும்போதும் அப்படித்தான். வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் சுழல வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. எஞ்சின் விசையை அச்சுக்குத் திருப்பிவிடும் பெரிய பற்சக்கரமும் சிறிய பற்சக்கரமும் அதே குடத்துக்குள்தான் இருக்கின்றன. ஏற்றிய பாரம் முழுவதையும் நகர்த்தும் விசை அந்தப் பற்கள் வழியாகவே போகிறது. அவை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வழுக்கும் இடத்தில், எஃகை எஃகு உரசாமல் தடுப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

தோட்டப் பாதையின் கெடுதல்

பின் அச்சின் மேல்பக்கத்தில் காற்று போய் வர ஒரு சிறு துளை அல்லது குழாய் இருக்கும். ஓடி ஓடிச் சூடேறிய அச்சு, மழைக்குப் பின் தேங்கிய நீரிலோ ஓடையிலோ இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். அந்தத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், சக்கரப் பக்கமுள்ள சீல் வழியாக நீர் உள்ளே போகும். நீர் கலந்த எண்ணெய் பால் ஊற்றிய தேநீரின் நிறத்துக்கு வந்துவிடும். அது பற்களைக் காக்காது. பேரிங்குகளில் துரு பிடிக்கும்.

ஆகவே எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு ஒரே பதில் இல்லை. சில வண்டிகளுக்கு 40,000 கிலோமீட்டர், சிலவற்றுக்கு அதைவிட அதிகம். வண்டிக் கையேட்டில் பாரம், மண்பாதை, நீர் ஆகியவற்றுக்கென்று தனியாகச் சொல்லியிருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். அச்சு நீரில் மூழ்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம். உடனே திறந்து பார்ப்பது நல்லது.

எந்த வண்டிக்கு, எந்த எண்ணெய்?

மைவி, சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் இந்தப் பின் குடம் இல்லை. அவற்றில் டிஃபரன்ஷியல் கியர்பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப்களிலும் ஹையேஸ் வேன்களிலும் இது தனியாக இருக்கிறது. நான்கு சக்கர இயக்க வண்டியானால் முன்னாலும் ஒன்று உண்டு.

பெரும்பாலான பின் அச்சுகள் ஜிஎல்-5 தர கியர் எண்ணெயைக் கேட்கும். தடிமன் 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90 என்று வண்டிக்கு வண்டி மாறும். எல்எஸ்டி வகை டிஃபரன்ஷியலுக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய் தேவை. மீந்த ஜிஎல்-5 எண்ணெயைக் கியர்பெட்டியில் ஊற்றிவிடக் கூடாது. சில கியர்பெட்டிகளின் பித்தளைப் பாகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. பல பிக்கப்களுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை பிடிக்கும். சரியான அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

மாற்றும் முறை

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் எண்ணெய் இளகி முழுவதும் வடியும். அதற்காகக் கை சுடும் அளவுக்கு ஓட்ட வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும்.

உயரமான பிக்கப்பைத் தூக்காமலே வேலையை முடிக்கலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தி மட்டமாக வைக்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் எண்ணெய் அளவு தவறிப்போகும். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து.

குடத்தில் இரண்டு நட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் இருப்பது ஊற்றும் நட்டு. அடியில் இருப்பது வடிக்கும் நட்டு. முதலில் ஊற்றும் நட்டைத்தான் திறக்க வேண்டும். பல ஆண்டுகள் தொடாத நட்டு இறுகிப்போயிருக்கலாம். அடிநட்டைத் திறந்து எண்ணெயை வடித்த பிறகு மேல்நட்டு வராவிட்டால், எண்ணெய் இல்லாத வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போகவும் முடியாது. இழுவை வண்டிதான் கதி.

மேல்நட்டு திறந்த பிறகு, அடியில் தட்டு வைத்து வடிநட்டைக் கழற்றலாம். சில அச்சுகளில் வடிநட்டே இருக்காது. அவற்றில் மேல்துளை வழியாகக் கைப்பம்ப்பால் உறிஞ்ச வேண்டும், அல்லது மூடியைக் கழற்ற வேண்டும்.

வடிந்து முடிந்ததும் நட்டைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு முடுக்க வேண்டும். பிறகு கைப்பம்ப்பாலோ குழாய் பொருத்திய போத்தலாலோ மேல்துளை வழியாக எண்ணெய் ஏற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ்விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. கடைசியாக மேல்நட்டை மூடி, காற்றுத் துளையின் சேற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். சில நாள் ஓட்டிய பின் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

பழைய எண்ணெய் சொல்லும் செய்தி

பல வடிநட்டுகளின் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் எடுக்கும் அளவுக்கு இரும்புத் துண்டு இருந்தால், பல் உடைந்திருக்கிறது என்று பொருள். புதிய எண்ணெய் அதைக் குணப்படுத்தாது. பால் நிறமாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. சீல்களைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியைச் சேவை மையத்திலேயே விடுவது நல்லது.

எங்கே கொட்டுவது?

கழிவு மசகு எண்ணெய், 2005 சுற்றுச்சூழல் தரம் (அட்டவணைக் கழிவு) விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டின்கீழ் வருகிறது. அதைக் கால்வாயில் ஊற்றினால் மழையோடு ஓடைக்குப் போகும். லாசா, லிந்தாங் பக்கத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு ஓடும் பிளஸ் ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது. பழைய எண்ணெயை மூடியுள்ள போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். அதில் பெட்ரோலோ ரேடியேட்டர் நீரோ கலக்கக் கூடாது.

மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். விளக்கு எரிந்து நினைவூட்டாத எண்ணெய்க்கு அந்தச் சீட்டுதான் விளக்கு.