உரைத்திரையும் தமிழ் எழுத்தும்: லினக்ஸ் எழுத்துரு மாற்றம் பற்றிய ஒரு விளக்கம்

1. முன்னுரை

பெங்களூரின் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றில் இவ்வூர் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்பெறுகிறது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கல்லில் விடுபட்டதைப் படிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்கிறார். ஆயினும் கல்லில் எழுதியவருக்கு ஓர் உரிமை இருந்தது. ரகரத்துக்குச் சிறிது இடமும் ணகரத்துக்கு மிகுந்த இடமும் அவர் தரலாம். கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைக்கலாம். கல் அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

அதே தொம்மலூரில், மென்பொருள்களைத் தமிழாக்கும் நண்பர் ஒருவர் இக்கட்டுரையாளரிடம் ஒரு வினாவுடன் வந்தார். அவர் மொழிபெயர்த்த செய்திகள் லினக்ஸ் கணிப்பொறியின் வரைகலைச் சாளரத்தில் செம்மையாகத் தோன்றின. ஒருநாள் அக்கணிப்பொறியின் வரைகலை இயங்காது போயிற்று. கருந்திரையில் எழுத்துகள் மட்டும் வரும் நிலை தோன்றியது. அத்திரையில் அவருடைய தமிழ் முழுவதும் வெறும் கட்டங்களாக இருந்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தார்; ஆங்கில எழுத்து பெரிதாயிற்றே தவிரத் தமிழ் வரவில்லை. 'எந்த எழுத்துருவை ஏற்றினால் தமிழ் வரும்?' என்பது அவர் வினா.

இவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். குறை எழுத்துருவில் இல்லை என்பதும், எழுத்து என்றால் என்ன என்பது பற்றி அத்திரை கொண்டுள்ள கருத்திலேயே உள்ளது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

2. உரைத்திரை

கன்சோல் என வழங்கும் உரைத்திரை, கணிப்பொறியின் கர்னல் தானே நேரடியாக எழுதும் திரையாகும். கணிப்பொறி தொடங்கும்போதும், வரைகலை பழுதுறும்போதும், வரைகலை நிறுவப்படாத வழங்கிகளிலும் இதுவே கண்ணுக்குத் தெரிவது. வரைகலைச் சூழலில் திறக்கப்பெறும் முனையச் சாளரம் தோற்றத்தில் இதை ஒத்திருப்பினும் வேறானது. அங்கு எழுத்தை வரைவதற்குத் தனி நூலகங்கள் உள்ளன. இங்கு அவை இல்லை. கணிப்பொறி நலமாக இருக்கும்போது தமிழ் பேசி, நோயுறும்போது தமிழை மறந்துவிடுகிறது என்று இந்நிலையைச் சொல்லலாம். பயனருக்குத் தாய்மொழி மிகவும் தேவைப்படும் வேளை அதுவே.

இத்திரையின் அமைப்பு 1987-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட விஜிஏ அட்டையின் வழிவந்தது. அதில் வழக்கமான உரைநிலையில் திரை 80 நிரல்களும் 25 வரிகளும் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் 9 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உடையது. ஆகவே முழுத்திரை 720க்கு 400 புள்ளிகள். எழுத்துருவில் வரையப்படுவது 8 புள்ளி அகலமே. ஒன்பதாவது பெரும்பாலும் இடைவெளியாக அமையும். ஓர் எழுத்துருவில் 256 வடிவங்கள் இடம்பெறும். 512 வடிவங்கள் வேண்டுமாயின், எழுத்தின் ஒளிர்வைக் குறிக்கும் ஒரு பிட்டை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்; அப்போது எழுத்துக்குரிய வண்ணங்கள் 16-இலிருந்து 8 ஆகக் குறையும்.

3. எழுத்துரு மாற்றம் நிகழும் முறை

லினக்ஸில் இதற்கான கட்டளை செட்ஃபாண்ட் என்பது. எழுத்துருக் கோப்பின் பெயரை அதனுடன் கொடுத்தால் கர்னலில் உள்ள வடிவங்கள் உடனே மாற்றப்படும். திரையில் முன்பே உள்ள எழுத்துகளும் புதிய வடிவம் பெறும். ஏற்றப்பட்ட வடிவங்களை ஷோகன்சோல்ஃபாண்ட் என்னும் கட்டளை ஒருங்கே காட்டும். இம்மாற்றம் கணிப்பொறியை அணைக்கும்வரை மட்டுமே நிற்கும். நிலைபெற வேண்டுமாயின் டெபியன் வகையில் கன்சோல்-செட்டப் என்னும் தொகுப்பின் வழியாகவும், சிஸ்டம்டி பயன்படுத்தும் பிற வகைகளில் விகன்சோல் என்னும் அமைவுக்கோப்பின் வழியாகவும் எழுத்துருவின் பெயரைப் பதிய வேண்டும்.

எழுத்துருக் கோப்பில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று வடிவங்களின் வரிசை. மற்றொன்று, எந்த யூனிகோடு எண்ணுக்கு எந்த வடிவம் என்று கூறும் அட்டவணை. மொழியியலார் கருத வேண்டியது இவ்விரண்டாம் பகுதியே. கோப்பின் அமைப்பு முறையில், பல எண்கள் சேர்ந்த ஒரு தொடருக்கு ஒரு வடிவம் என்று குறிப்பதற்கும் இடமுண்டு. ஆனால் கர்னல் ஏற்கும் அட்டவணை ஓர் எண், ஒரு வடிவம் என்னும் இணைகளை மட்டுமே கொண்டது. தொடர்கள் அதனுள் நுழைய இயலாது.

டெபியனின் கன்சோல்-செட்டப் தொகுப்பில் இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக், ஈபுரு, அரபு, ஆர்மீனியம், ஜார்ஜியம், எத்தியோப்பியம், தாய், லாவோ, வியத்நாமியம் ஆகியவற்றுக்குரிய எழுத்துத் தொகுதிகள் உள்ளன. தமிழ் அப்பட்டியலில் இல்லை.

4. எண்ணிக்கை

தமிழ் எழுத்துகள் 247 ஆகையால் அவை திரையில் அடங்கா என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. இது சரியன்று. எழுத்துகளை அல்லாமல் வடிவங்களை எண்ணிப் பார்த்தால் உண்மை புலப்படும்.

உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்களுக்கும் புள்ளி பெற்ற வடிவம், அகரம் ஏறிய வடிவம், இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் என ஆறு வரிசைகள் வேண்டும், இவை 108. எஞ்சிய உயிர்மெய்களுக்குக் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என நான்கு குறிகள் போதும். ஔகாரத்தின் பிற்பகுதிக்கு ளகர வடிவமே உதவும். ஆக 125. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்துக்கும் நான்கு வடிவங்கள் வீதம் 20, அவற்றுக்குரிய உகர, ஊகாரக் குறிகள் 2, ஸ்ரீ 1. மொத்தம் 148. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறிகள் 95. இரண்டும் சேர்ந்து 243. எனவே 256 இடங்களிலேயே தமிழும் ஆங்கிலமும் அடங்கும்.

1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இங்குத் துணைசெய்கிறது. ணா, றா, னா ஆகிய மூன்றும் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் பழைய வடிவில் தொடர்ந்திருப்பின் இன்னும் ஏழு இடங்கள் வேண்டியிருக்கும்.

5. அகலம்

உண்மையான தடையாக முதலில் நின்றது அகலமே. இரண்டு நிலைக்கோடுகள் தனித்துத் தெரிய அவற்றின் இடையில் ஒரு வெற்றுப் புள்ளியேனும் வேண்டும். 8 புள்ளி அகலத்தில் நான்கு நிலைக்கோடுகளுக்கு மேல் வரைய இயலாது. இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் இவ்விடத்துள் வேறுபடுத்துவது கடினம். ணு, ணூ, ஞூ போன்றவை இன்னும் கடினம்.

இது அழகு பற்றிய வினா அன்று. பனி, பணி, மனம், மணம், ஊன், ஊண் ஆகிய குறைவேறுபாட்டு இணைகளில் பொருள் வேறுபாட்டைத் தாங்கி நிற்பது அந்த ஒரு சுழியே. கல்வெட்டில் புள்ளி இன்மையைச் சூழலால் ஈடுசெய்யலாம். பிழைச்செய்தி ஒன்றில் அத்தகைய சூழல் மிகக் குறைவு.

இத்தடை இன்று பெருமளவு நீங்கிவிட்டது. இக்காலக் கணிப்பொறிகளில் உரைத்திரையும் வரைகலை நினைவகத்தின் மீதே புள்ளிகளாக வரையப்படுகிறது. 2019-இல் வந்த கர்னல் 5.0-இல் 16க்கு 32 புள்ளி அளவுள்ள டெர்மினஸ் எழுத்துரு சேர்க்கப்பட்டது. 2023-இல் வந்த 6.3-இல் கட்டத்தின் உச்ச அளவு 64க்கு 128 ஆக உயர்த்தப்பட்டது. இவ்வளவில் ணகரம் தடையின்றி அமையும்.

6. வரிசையும் சேர்க்கையும்

எஞ்சி நிற்பது மூன்றாம் தடை. யூனிகோடு முறையில் 'சென்னை' என்னும் சொல் சகரம், ஒற்றைக்கொம்பு, னகரம், புள்ளி, னகரம், ஐகாரக் கொம்பு என ஆறு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இது ஒலிப்பு வரிசை. கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசையோ கொம்பு, சகரம், புள்ளி பெற்ற னகரம், ஐகாரக் கொம்பு, னகரம் என ஐந்து வடிவங்கள் கொண்டது. முதல் வரிசையை இரண்டாம் வரிசையாக்க இடமாற்றமும் சேர்க்கையும் தேவை. கர்னலின் உரைத்திரையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. தமிழ் வடிவங்களை எழுத்துருவில் வரைந்து ஏற்றினாலும் சகரத்தை அடுத்துக் கொம்பு வரும். படிப்பவர் அக்கொம்பைப் பின்வரும் னகரத்தோடு சேர்த்து 'னெ' எனப் படிப்பார்.

ஓர் எண், ஒரு வடிவம், ஒரு கட்டம் என்னும் சமன்பாடு இலத்தீன் எழுத்துக்கு இயல்பாகப் பொருந்துவது. அதனால் அது எழுத்துமுறை பற்றிய ஒரு கோட்பாடு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தமிழில் எழுத்து என்னும் அலகு உயிர்மெய்யையும் உட்கொண்டது. அலகு மாறும்போது சமன்பாடு உடைகிறது. 'தமிழ்' என்பதில் எழுத்துகள் மூன்று. யூனிகோடு எண்கள் ஐந்து. யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் பதினைந்து. இம்மூன்றனுள் எதை நீளமாகக் கொள்வது என்பதே சிக்கலின் கரு.

7. முன்னைய தீர்வுகள்

இச்சிக்கலை முன்னைய தலைமுறை அறிந்திருந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிப் பின்னர் சிடாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், கணிப்பொறியில் செருகும் அட்டையாக வந்தது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமாக்கும் பணியை அட்டையே செய்தது. 1991-இல் இந்தியத் தர அமைவனம் ஏற்ற இஸ்கி குறியேற்றம் இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒலிப்பு வரிசையைக் கொண்டது. வடிவமாக்கல் தனிப்படி எனும் கருத்து அதில் உள்ளார்ந்திருந்தது.

1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழர் உருவாக்கிய டிஸ்கி இதற்கு மாறானது. அது வடிவங்களுக்கு எண் தந்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. எனவே கட்டத்தின் அகலத்தைத் தவிர வேறு தடையின்றி, எழுத்துருவை மாற்றுவதாலேயே உரைத்திரையில் தமிழைக் காட்டவல்லது அதுவே. 2010-இல் தமிழக அரசு யூனிகோடுடன் தரமாக அறிவித்த டேஸ் 16 குறியேற்றத்திலும் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அதுவும் கொள்கையளவில் உரைத்திரையின் சமன்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் தேடல், அகரவரிசை, மொழிகளுக்கிடையிலான பரிமாற்றம் ஆகியவற்றில் யூனிகோடு பொதுவழக்காகிவிட்டது. மென்பொருள் மொழிபெயர்ப்புகளும் அதிலேயே உள்ளன. ஒரு பழைய திரைக்காகக் குறியேற்றத்தை மாற்றுவது, படிப்பவரை விட்டுக் கல்லைத் திருத்துவது போலாகும்.

டெபியன் திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. 2007 ஏப்ரலில் வெளிவந்த 4.0 பதிப்பில் வரைகலை நிறுவி சேர்க்கப்பட்டது. தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம், குஜராத்தி, பஞ்சாபி முதலிய மொழிகள் அவ்வரைகலை நிறுவியில் மட்டுமே தெரிவுக்கு வந்தன. உரை நிறுவியில் அவை காட்டப்படவில்லை. சிதைத்துக் காட்டுவதினும் காட்டாமை மேல் என்னும் முடிவு இது.

8. மொழிபெயர்ப்பாளர்க்குச் சில குறிப்புகள்

(அ) கட்டங்கள் தோன்றினால் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்த முற்படவேண்டா. அதே செய்தியை வரைகலை முனையச் சாளரத்தில் பார்த்து, பிழை உரையிலா திரையிலா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

(ஆ) கணக்கின் தொடக்கக் கோப்பில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: முனையத்தின் வகை 'லினக்ஸ்' என இருப்பின் செய்திகளின் மொழி ஆங்கிலமாகட்டும், இல்லையேல் தமிழாகட்டும். படிக்க இயலாத தமிழினும் படிக்க இயலும் ஆங்கிலம் பழுது நீக்குவோர்க்கு உதவும்.

(இ) உரைத்திரையிலேயே தமிழ் வேண்டுவோர், கர்னலுக்கு வெளியே இயங்கும் கேஎம்எஸ்கான் போன்ற முனையங்களைச் சோதிக்கலாம். இது எழுத்தை வரையும் பணியைப் பாங்கோ என்னும் நூலகத்திடம் விடவல்லது. எனினும் கட்ட அமைப்பு அங்கும் உண்டாகையால் விளைவை ஆய்ந்தே ஏற்க வேண்டும்.

(ஈ) வெற்றிடங்களைச் சேர்த்து நிரல்களை ஒழுங்குபடுத்தக் கூடாது. பல நிரல்மொழிகள் அகலத்தைப் பைட்டுகளால் கணக்கிடுகின்றன. அவற்றில் ஐந்து எண்கள் கொண்ட தமிழ்ச்சொல் பதினைந்து இடமாக எண்ணப்படும். ஒழுங்குபடுத்தும் பொறுப்பு நிரலருடையது என்பதைப் பிழையறிக்கையாகத் தெரிவித்தல் வேண்டும்.

(உ) சுருக்கமான செய்திகளில் ஒரு சுழியால் மட்டும் வேறுபடும் சொற்கள் பொருள் மயக்கம் தருமாயின் வேறு சொல்லைத் தேர்தல் நன்று.

9. முடிவுரை

எந்த எழுத்துருவை ஏற்றினால் தமிழ் வரும் என்னும் வினாவுக்கு, எந்த எழுத்துருவாலும் மட்டும் வாராது என்பதே விடை. எண்ணிக்கை தடையன்று, அகலம் தடையாக இருந்து நீங்கியது, அலகு பற்றிய கோட்பாடே தடையாக நிற்கிறது. இக்கோட்பாட்டை வகுத்தோர் தமிழை ஒதுக்க எண்ணினர் என்று கொள்ள வேண்டியதில்லை. தம் எழுத்தைப் பொது எழுத்தாகக் கருதினர், அவ்வளவே. எழுத்தின் அலகு யாது என்பதை நிரலர்க்கு எடுத்துரைக்கும் பணி மொழியியலாருடையது. அப்பணி நிறைவேறும்வரை, நண்பரின் கணிப்பொறி பழுதுறும்போது ஆங்கிலத்தில் பேசட்டும் என அமைத்துக் கொடுத்தோம். இது தீர்வு அன்று. தீர்வு வரும்வரை கொள்ளத்தக்க ஓர் ஏற்பாடு.