அழைக்கும் குரலும் தடுக்கும் கரமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.

  

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் இமாமாகக் கடமையாற்றிய ஊரொன்றில் மென்பந்து கிரிக்கெட் போட்டியொன்று நடைபெற்றது. ஒருவர் ஆட்டமிழந்தாரா இல்லையா என்பதில் 16 வயதுடைய இரு மாணவர்களுக்கிடையில் வாய்த்தர்க்கம் ஏற்பட்டது. ஒருவன் மற்றவனைத் தள்ளினான். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விடயம் அது. ஆனால் தள்ளப்பட்டவன் தனது தெருப் பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைத்தான். தள்ளியவனும் தனது தெருப் பிள்ளைகளை அழைத்தான். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் இரு கூட்டங்களும் மைதானத்தில் மோதிக்கொண்டன. அன்று ஒரு மாணவன் ஒரு கண்ணின் பார்வையை இழந்தான். அடித்தவனோ பொலிஸ் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்குமாக அலைந்து, அவ்வருட சாதாரண தரப் பரீட்சையைத் தவறவிட்டான்.

இதனைவிட என்னை இன்றும் வருத்துகின்ற ஒன்றுண்டு. அன்று லுஹர் தொழுகை முடிந்ததும் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, மாலையில் மைதானத்தில் சண்டை நடக்கவிருப்பதாகத் தயங்கித் தயங்கிக் கூறினான். நான் அவனிடம், பிறர் விடயத்தில் தலையிடாது உன் பாடத்தைக் கவனி என்று கூறி அனுப்பிவிட்டேன். எனக்கு நான்கு மணித்தியாலங்கள் இருந்தன. அவற்றை நான் பயன்படுத்தவில்லை.

ஒரு நீர்நிலையின் அருகில்

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் இதனை ஒத்த ஒரு நிகழ்வு நடைபெற்றது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வேளையில், நீர் எடுக்கும் இடத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் இடையே தகராறு மூண்டது. முஹாஜிர் அன்ஸாரியை அடித்துவிட்டார். உடனே அன்ஸாரி தம் கூட்டத்தாரை உரத்து அழைத்தார். முஹாஜிரும் தம் கூட்டத்தாரை அழைத்தார். இச்சம்பவத்தை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்க, புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் அது பதிவாகியுள்ளது. முஸ்லிம் கிரந்தத்தின் ஓர் அறிவிப்பில் அவ்விருவரும் "குலாம்" என்றே குறிப்பிடப்படுகின்றனர். இளைஞன், பணியாள் ஆகிய இரு பொருள்களிலும் வழங்கும் சொல் அது.

நபியவர்கள் அடியைப் பற்றி மட்டுமன்றி அழைப்பைப் பற்றியே முதலில் வினவினார்கள் என்பதைக் கவனியுங்கள். இது என்ன அறியாமைக் காலத்து அழைப்பு என்று கேட்டார்கள். துர்நாற்றம் வீசும் அதனை விட்டுவிடுமாறு பணித்தார்கள். முஹாஜிர், அன்ஸார் ஆகியவை அல்குர்ஆன் புகழ்ந்துரைத்த பெயர்கள். அத்தகைய சிறப்பான பெயர்களே சண்டைக்கு ஆள் திரட்டப் பயன்பட்டபோது துர்நாற்றமாயின என்றால், எமது தெருவின் பெயரும் பாடசாலையின் பெயரும் விளையாட்டுக் கழகத்தின் பெயரும் எம்மாத்திரம்?

இருவருக்கிடையிலான சச்சரவு வன்முறையாக உருவெடுப்பது அந்த அழைப்பில்தான். தனியே நிற்பவன் சற்று நேரத்தில் தணிந்துவிடுவான். தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பின்வாங்குவதோ அவனுக்கு அவமானமாகத் தோன்றுகிறது. உணர்ச்சிகள் வேகமாக எழும் பருவம் கட்டிளமைப் பருவம். அவற்றைத் தடுத்து நிறுத்தும் மூளைப் பகுதியோ இருபது வயதின் நடுப்பகுதி வரையிலும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவ அறிஞர்கள் கூறுகின்றனர். அவனுள்ளே தடுப்பு இன்னும் முதிராதிருக்கும்போது, அவனைச் சூழ உள்ளவர்களே அத்தடுப்பாக அமைய வேண்டும்.

நண்பனுக்கு உதவுவது எவ்வாறு?

இளைஞனே! நண்பன் அழைத்தால் செல்லாதிருப்பது துரோகமல்லவா என்று நீ கேட்கலாம். அதற்கும் அதே சம்பவத்தில் விடையுண்டு. ஒருவர் தம் சகோதரர் அநியாயம் செய்பவராயினும் அநியாயம் செய்யப்பட்டவராயினும் அவருக்கு உதவட்டும் என்று நபியவர்கள் கூறினார்கள். அநியாயம் செய்பவருக்கு உதவுவதென்பது அவரை அதிலிருந்து தடுப்பதே என்றும் விளக்கினார்கள். ஆகவே நண்பன் அழைத்தால் நீ செல். ஆனால் தடியோடு செல்லாதே. அவனது தோளில் கையைப் போட்டு வீட்டிற்கு அழைத்துவா. அவனுடைய உண்மையான தோழன் நீயே.

சட்டத்தையும் அறிந்துகொள். எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ குற்றம் புரியும் பொது நோக்கத்துடன் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டமாகும். அந்நோக்கத்தை நிறைவேற்ற அவர்களுள் ஒருவன் குற்றமிழைத்தால், அக்கூட்டத்தின் ஏனைய உறுப்பினர்களும் அதற்குப் பொறுப்பாளிகளாவர். நான் அடிக்கவில்லை, சும்மா கூடச் சென்றேன் என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம் என எண்ணிவிடாதே.

செய்தி கொண்டுவந்த சிறுவர்

அந்த நீர்நிலைச் சம்பவம் அத்துடன் முடியவில்லை. நயவஞ்சகர்களின் தலைவனான அப்துல்லாஹ் இப்னு உபை அதனைச் சாதகமாக்கிக்கொண்டு, மதீனா திரும்பியதும் கண்ணியமானவர்கள் இழிவானவர்களை வெளியேற்றிவிடுவார்கள் என்ற கருத்தில் பேசினான். அதனை இளவயதினரான ஸைத் இப்னு அர்கம் (ரழி) அவர்கள் கேட்டுவிட்டுத் தம் சிறிய தந்தையிடம் தெரிவித்தார்கள். விடயம் நபியவர்களை எட்டியது. ஆனால் இப்னு உபையும் அவனது சகாக்களும் தாம் அவ்வாறு கூறவேயில்லை எனச் சத்தியம் செய்தனர். அவர்களின் சத்தியம் ஏற்கப்பட்டது. ஸைத் (ரழி) அவர்கள் பெருங்கவலையுடன் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அப்போது அல்லாஹ் அல்முனாஃபிகூன் அத்தியாயத்தை அருளி, அவர் கூறியது உண்மையென உறுதிப்படுத்தினான். நபியவர்கள் அவரை அழைத்து அதனை அறிவித்தார்கள்.

பெற்றோர்களே! பெரியவர்களின் சத்தியத்தின் முன்னால் தனித்து நின்ற ஓர் இளையவருக்காக அல்லாஹ்வே சாட்சி கூறினான். நடக்கவிருக்கும் சண்டையைப் பற்றி உங்கள் பிள்ளை வந்து கூறினால் அது கோள் சொல்வதல்ல, உயிரொன்றைக் காப்பது. அமர்ந்து கேளுங்கள். கூறியவனின் பெயரை வெளியிடாதீர்கள். உடனடியாக மற்றைய பிள்ளையின் வாப்பாவுடன் பேசுங்கள். அதிபருக்கும் பள்ளிவாசல் நிருவாகத்திற்கும் அறிவியுங்கள். பிள்ளையொன்று ஆபத்திலிருப்பின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துடன் தொடர்புகொள்ளலாம்.

ஓர் இரவைக் கடத்துங்கள்

அன்று நபியவர்கள் மற்றொன்றையும் செய்தார்கள். வழக்கமாகப் பயணம் செய்யாத நேரத்தில் படையைப் புறப்படச் செய்து, அன்று பகலும் இரவும் மறுநாள் வெயில் ஏறும் வரையும் நடக்கவைத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தரையில் இறங்கியதும் அனைவரும் அயர்ந்து உறங்கிவிட்டனர். நடந்ததைப் பற்றிப் பேசிப் பேசி உள்ளங்கள் கொதிப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

எமக்கும் இதுவே வழி. சச்சரவு நடந்த அன்றிரவுதான் மிகவும் ஆபத்தானது. நள்ளிரவு வரை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்திகளே மறுநாள் கையில் ஆயுதத்தைக் கொடுக்கின்றன. அன்றிரவு மகனின் கைத்தொலைபேசியை அன்போடு வாங்கி வையுங்கள். அவனுடன் உண்ணுங்கள், உறங்கச் செய்யுங்கள். மறுநாள் அவனைத் தனியே அனுப்பாதீர்கள். கோபம் வந்தால் நிற்பவர் அமரட்டும், அதிலும் தணியாவிடின் சாய்ந்துகொள்ளட்டும் என்ற நபிவழியும் இந்தத் தாமதத்தையே எமக்குக் கற்றுத்தருகிறது.

அடிபட்டு வந்த மகனிடம், திருப்பி அடிக்காமல் ஏன் வந்தாய் என்று கேட்கும் வாப்பாமார் எம்மிடையே உள்ளனர். அச்சொல்லும் ஓர் அழைப்பே. அவ்வாறே, வீட்டினுள் உம்மாவை அடிக்கும் கை, பிள்ளைக்கு அடிப்பதையே கற்பிக்கிறது. நபியவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கரத்தால் அடித்ததில்லை என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

உலகில் 15 முதல் 29 வயது வரையானோரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 193,000 பேர் கொலை செய்யப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காயமடைந்து வைத்தியசாலை செல்வோர் அதனைவிடப் பன்மடங்கினர். இத்தொகையில் எமது ஊர்ப் பிள்ளையொன்று சேராதிருக்கப் பெரும் திட்டங்கள் தேவையில்லை. அழைக்கும் குரலுக்குச் செல்லாத சில நண்பர்களும், வந்து கூறும் சிறுவனுக்குச் செவிசாய்க்கும் ஒரு பெரியவரும் போதும்.

அன்று என்னிடம் வந்த அச்சிறுவன் அதன் பின்னர் எந்தச் செய்தியையும் என்னிடம் கொண்டுவரவில்லை. உங்கள் பிள்ளை உங்களிடம் வருகின்ற வாசலை நீங்கள் மூடிவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் எமது பிள்ளைகளின் கரங்களையும் நாவுகளையும் பாதுகாத்து, எம் யாவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.