பதினான்கு சதவீதத்தின் விலை

தை பிறந்ததும் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையில் பாதி மஞ்சளாகக் கிடக்கும். ஊர்க்களம் நிரம்பி, கோயில் முற்றம் நிரம்பி, இடமில்லாமல் தார்ச்சாலைக்கு வந்துவிட்ட மக்காச்சோளம் அது. விரிப்பின் ஓரத்தில் கல் அடுக்கி வைப்பார்கள். இருசக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவார்கள். காவல் துறையினர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். சாலையில் தானியம் காயவைப்பது ஆபத்து என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே காயவைக்கும் விவசாயி, இந்தப் பக்கத்துப் பேச்சில் சம்சாரி, ஏன் அங்கே வந்தார் என்று கேட்டால், பதில் 14 என்ற ஓர் எண்ணில் இருக்கிறது.

கமிஷன் கடையில் வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மணியை அள்ளி, கையடக்கமான மீட்டரில் கொட்டிப் பார்ப்பார். அது காட்டுவது தானியத்தின் ஈரப்பதம். 14 சதவீதத்துக்குள் இருந்தால் பேசிய விலை கிடைக்கும். 18, 20 என்று காட்டினால் கழிவுப் பேச்சு தொடங்கும். நான்கு மாத உழைப்பின் விலை அந்த அரை நிமிடத்தில் ஏறும், இறங்கும்.

மக்காச்சோளம் கரிசலின் பழைய பயிர் இல்லை. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் என்பவைதான் இந்த மண்ணின் வரிசை. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகள் பாடுபட்டதும் பெரும்பாலும் பருத்திக்கும் சோளத்துக்கும்தான். மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் உருவாக்கியெடுத்த பயிர் மக்காச்சோளம். கரிசலில் இது பெருகியதற்குக் காரணம் நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகள். கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளமாக இருப்பது வழக்கம். பருத்தி எடுக்கவும் சோளம் அறுக்கவும் ஆள் கிடைக்காமல் போனதும் ஒரு காரணம். அண்மையில் எத்தனால் ஆலைகளும் சேர்ந்துகொண்டன. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் வடிக்கலாம். 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலை களத்துமேட்டில் கிடைக்கிறதா என்பது தனிக்கதை.

இங்கே கிணற்றுப் பாசனம் குறைவு. வானம் பார்த்த பூமி. புரட்டாசிப் பட்டத்தில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையை இறக்கிவிட்டு, வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மக்காச்சோளம் முழு விளைச்சல் தர 500 மில்லிமீட்டரை ஒட்டிய நீர் வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அவ்வளவையும் கொடுத்துவிடும் என்று உறுதி கிடையாது. மிச்சத்தைச் சமாளிப்பது மண். கரிசல் மண்ணில் ஸ்மெக்டைட் வகைக் களிமண் அதிகம். அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண்ணே உப்பும்; காய்ந்தால் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிர் உறிஞ்சக்கூடிய நீரை ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பிடித்துவைக்கும். மார்கழியில் மழை நின்ற பிறகும் பயிர் பச்சையாக நிற்பது இந்தச் சேமிப்பால்தான்.

பூக்கும் பருவத்தில் மட்டும் இந்தச் சேமிப்பை நம்பிக் காலம் தள்ள முடியாது. மக்காச்சோளச் செடியின் தலையில் ஆண் பூ, இடுப்பில் கருது. கருதின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் உள்ளே ஒரு மணிக்குச் சொந்தம். அந்த நூலில் மகரந்தம் விழுந்தால் அந்த மணி பிடிக்கும்; விழாவிட்டால் அந்த இடம் பொக்கு. ஆண் பூ வறட்சியைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் தன் நாளில் மகரந்தத்தைக் கொட்டிவிடும். பட்டு நூலோ நீரால் நீள்வது. நீர் குறைந்தால் நாலு நாள், ஐந்து நாள் தாமதித்து வெளியே வரும். அதற்குள் மகரந்தம் காற்றோடு போயிருக்கும். உரம் வைத்து, களையெடுத்து வளர்த்த கருது பாதி மணியோடு நிற்பதற்கு, ஒரு வாரக் காய்ச்சல் போதும். கார்த்திகைக் கடைசியில் கரிசல் ஊர்களில் வானத்தைப் பார்க்கும் முகங்களில் இந்தக் கவலைதான் இருக்கும்.

இதற்கெல்லாம் தப்பினாலும் படைப்புழு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018-இல் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டு, அதே ஆண்டு தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் அதன் அடையாளம். குருத்துக்குள் புகுந்துகொள்வதால் மேலே அடிக்கும் மருந்து எளிதில் போய்ச் சேராது. 2018–19 பருவத்தில் அது கரிசல் காட்டைப் புரட்டிப் போட்டது. அரசு நிவாரணம் கொடுக்கவேண்டி வந்தது. விதை நேர்த்தி, வேப்பம் பிண்ணாக்கு, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பில் தட்டைப் பயறு, சூரியகாந்தி, எள் என்று இப்போது ஓரளவு பழகிவிட்டார்கள். குருமலைப் பக்கம் மானும் மற்ற இடங்களில் காட்டுப்பன்றியும் செய்யும் சேதத்துக்கு அப்படி ஒரு மருந்தும் இல்லை.

விதைத்து நூறு நாளுக்கு மேல் ஆனதும் கருதின் மட்டை வெளுக்கும். முற்றிவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கருதின் நடுவிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்து, சக்கையில் ஒட்டியிருந்த அடிநுனியைக் கீறிப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஒரு மெல்லிய படலம் தெரிந்தால் மணிக்கும் தாய்ச்செடிக்கும் இடையே உள்ள குழாய் அடைபட்டுவிட்டது என்று பொருள். இனி ஒரு துளி மாவுச்சத்தும் உள்ளே போகாது. விளைச்சல் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காய்வது மட்டுமே.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கறுப்புப் படலம் வரும் நாளில் மணியில் 30 முதல் 35 சதவீதம் ஈரம் இருக்கும். செடியிலேயே விட்டால் வெயிலும் காற்றும் பார்த்து நாளுக்கு அரை சதவீதம், சில நாள் ஒரு சதவீதம் என்று இறங்கும். விட்டுவைக்கலாம் என்றால் பன்றி, மயில், சாய்ந்துபோகும் தட்டை. எல்லாவற்றுக்கும் மேல் மழை. 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் தென் மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிர்கள் செடியிலேயே முளைவிட்டன. தை பிறந்தால் மழை விலகிவிடும் என்ற பழைய கணக்கை இனி அப்படியே நம்ப முடியாது. மழை விலகினாலும் பனி விடாது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மக்காச்சோளத்துக்கு இது அனுபவ உண்மை. காற்றின் ஈரம் கூடும்போது காய்ந்த மணி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பகலெல்லாம் காயவைத்ததை மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால், சம்பாதித்ததில் ஒரு பங்கு இரவில் போய்விடும்.

முன்பு கருதை ஆட்கள் கையால் ஒடித்துக் களத்தில் குவித்தார்கள். முழுக் கருதுகளுக்கு இடையே காற்று ஓட இடம் இருந்தது. பத்துப் பதினைந்து நாள் கிடந்து, ஈரம் இறங்கிய பிறகு டிராக்டரில் ஓடும் இயந்திரத்தில் அடித்து மணியைப் பிரித்தார்கள். இன்று கதிர் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அதன் முன்பகுதியில் இரண்டு உருளைகள் தட்டையைக் கீழ்நோக்கி இழுக்கும். அவற்றுக்கு மேலே உள்ள தகடுகளின் குறுகிய இடைவெளியில் கருது நுழைய முடியாமல் ஒடிந்து உள்ளே போகும். உள்ளே இருக்கும் வேறோர் உருளையில் உரசி மணி உதிர்ந்து, தூசி விசிறியில் பறந்து, ஒரு மணி நேரத்தில் ஏக்கர் கணக்கு முடிந்துவிடும். கூலியாள் பஞ்சத்துக்கு இது நல்ல விடை. மறுக்கவில்லை.

ஆனால் அந்த இயந்திரம் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் சம்சாரியின் தலையில் ஏற்றிவிட்டது. கருதாகக் கிடந்து பத்து நாளில் மெல்லக் காய்ந்த தானியம், இப்போது 20 சதவீத ஈரத்தோடு ஒரே நாளில் மொத்தமாக மணியாக வந்து இறங்குகிறது. ஈர மணியைக் குவித்து வைத்தால் மணிகள் மூச்சுவிடுவதாலேயே குவியல் சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புத் தெரியும். உடனே விரித்தாக வேண்டும். இயந்திரத்துக்கு வாய்ப்பான ஈரமும் குறுகிய எல்லைக்குள் இருக்கிறது: 25-க்கு மேல் போனால் மணி நசுங்கும், மிகவும் காய்ந்துவிட்டால் நொறுங்கும். வெளிமாவட்டத்து வண்டி நம் ஊருக்கு வரும் நாளை நம் மணியின் ஈரம் தீர்மானிப்பதில்லை, வண்டித் தரகர் தீர்மானிக்கிறார். களம் போட்ட காலத்தில் ஊருக்கு இவ்வளவு மணி ஒரே வாரத்தில் வரும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். சாலை மஞ்சளாவது இப்படித்தான்.

தட்டையும் கையைவிட்டுப் போனது. கையால் ஒடித்த காட்டில் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போடலாம். இயந்திரம் அதைச் சிதைத்து மண்ணில் போட்டுவிடுகிறது. மண்ணுக்கு நல்லது என்று சொல்லலாம். மாடு வைத்திருப்பவருக்கு நட்டம்.

14 என்ற எல்லை வியாபாரிகள் மனம்போல் வைத்ததன்று. மணிகளுக்கு இடையே உள்ள காற்றின் ஈரம் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைகளால் பெரும்பாலும் வளர முடியாது. நம் ஊர் வெப்பத்தில் மக்காச்சோளம் 13, 14 சதவீத ஈரத்தில் இருக்கும்போது அந்த நிலை கிடைக்கிறது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு பூஞ்சையாக விழிக்கும். அவற்றில் மோசமானது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மஞ்சள் கலந்த பச்சைத் தூளாகத் தெரியும். வறட்சியில் வாடிய கருதிலும் புழு துளைத்த மணியிலும் காட்டிலேயே குடியேறிவிடும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு, புற்றுநோயும் உண்டாக்கும். சமைத்தாலும் பெரும்பகுதி அழியாது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சு அறிவியலுக்குத் தெரியவந்தது. அன்று குற்றவாளி நிலக்கடலைப் பிண்ணாக்கு. நமக்கு நெருக்கமான பாடம் 1974-இல் நடந்தது. ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மக்காச்சோளத்தை அன்றாட உணவாக உண்ட பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலை பரவியது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் வீட்டு மிச்சத்தைத் தின்ற நாய்களும் இறந்தன. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த கருதைச் சரியாகக் காயவைக்காமல் சேமித்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கோவில்பட்டி மக்காச்சோளத்தை நாம் நேராகச் சாப்பிடுவதில்லை, கோழிதானே தின்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. தீவனத்தில் நஞ்சு ஏறினால் கோழி நலிந்து முட்டை குறையும். பண்ணைக்காரர் ஈர மணியைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

நியாயமில்லாதது, ஈரத்தை அளக்கும் கருவி ஒரு தரப்பிடம் மட்டும் இருப்பது. மின்புலத்துக்குள் நீர் நடந்துகொள்ளும் விதம் மாவுச்சத்தைவிடப் பல மடங்கு மாறுபட்டது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் மீட்டர் சதவீதம் சொல்கிறது. மணி வெயிலில் சூடாக இருந்தாலும், உடைசல் கலந்திருந்தாலும், அழுத்தி நிரப்பினாலும் எண் மாறும். நிழலில் ஆறவைத்த மணியை மூன்று முறை அளந்து சராசரி எடுப்பதே முறை. பெரியவர்கள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். ‘கடக்’கென்று உடைந்தால் காய்ந்தது. அதைவிடத் தெளிவான ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, நன்றாக வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15-க்கு மேல்.

கழிவுக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் உலர்ந்த பொருள் 80 கிலோ. அதையே 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோ நிற்கும். குறைந்த 7 கிலோ வெறும் தண்ணீர். சதவீதத்துக்கு ஒன்றேகால் கிலோகூட வரவில்லை, 1.16 கிலோதான். அதற்கு மேல் கழித்தால் எதற்கு என்று கேளுங்கள். உலர்த்தும் கூலி என்றால் அதைத் தனியாகச் சொல்லட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. பயந்துபோய் 11 சதவீதம் வரை காயவைத்து விற்றால் குவிண்டாலுக்கு மூன்றரைக் கிலோ எடையைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அதற்குக் கூடுதல் விலை யாரும் தருவதில்லை.

ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் சரிபார்க்கப்பட்ட ஓர் ஈரப்பத மீட்டர் இருக்கவேண்டும். எந்தச் சம்சாரியும் ஒரு கைப்பிடி மணியோடு போய் இலவசமாக அளந்துகொள்ள முடியவேண்டும். அறுவடை இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அகலத்தில் சிமென்ட் களங்கள் வேண்டும். சாலையில் காயவைக்காதே என்று தடுக்கும் நிர்வாகம், எங்கே காயவைப்பது என்பதற்கு அடுத்த தைக்குள் பதில் சொல்லட்டும்.