பெயரும் பட்டமும்

கி.பி. 785-ஆம் ஆண்டில், ஜப்பானியச் சக்கரவர்த்தி கம்முவின் புதிய தலைநகரான நாகவோகாவில் அதன் நிர்மாணத்தை மேற்பார்த்துவந்த பிரபு அம்பெய்து கொல்லப்பட, அந்தக் கொலைப் பழி சக்கரவர்த்தியின் உடன்பிறந்த தம்பியான இளவரசர் சவாராவின் தலையில் விழுந்தது. தாம் நிரபராதி என்று சாதித்து, அன்ன ஆகாரத்தை அறவே ஒழித்த அவர், அவாஜித் தீவுக்கு நாடுகடத்தப்படும் வழியிலேயே உயிர் துறந்தார். அதன்பின் ராஜகுடும்பத்தில் அடுத்தடுத்து மரணங்களும், நாட்டில் கொள்ளைநோயும் வெள்ளமும் நேரவே, இளவரசரின் ஆவேசமே இவற்றுக்குக் காரணம் என்று அரசவை நடுங்கிற்று. 794-இல் தலைநகரம் ஹெயானுக்கு, அதாவது இன்றைய கியோத்தோவுக்கு, மாற்றப்பட்டது. 800-ஆம் ஆண்டில் மாண்டவருக்கே சக்கரவர்த்திப் பட்டமும் சூட்டப்பட்டது.

தகிதா யோஜிரோ இயக்கி 2001-இல் வெளிவந்த 'ஓன்மியோஜி' என்னும் திரைப்படம், இந்தப் பழைய அநீதியையே தன் அஸ்திவாரமாகக் கொண்டது. யுமெமகுரா பாகுவின் கதைகளிலிருந்து உருவான இதன் நாயகர், 921 முதல் 1005 வரை வாழ்ந்த ஆபெ நோ செய்மெய் என்ற அரண்மனை மாந்திரீகர். மாந்திரீகர் என்றதும் மயானத்தில் உலவும் மந்திரவாதியை நாம் நினைத்துவிடலாகாது. பஞ்சாங்கம் கணிப்பது, நட்சத்திர சஞ்சாரத்தைக் கவனிப்பது, நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதை அறிவிப்பது, பிரபுக்கள் எந்தத் திசையில் என்று பயணம் போகலாகாது என்று சொல்வது ஆகிய இவையெல்லாம் சேர்ந்த ஓர் அரசாங்க இலாகாவின் உத்தியோகஸ்தர் அவர்.

செய்மெய்யாகத் தோன்றும் நொமுரா மன்சாய், தலைமுறை தலைமுறையாகக் கியோகென் என்னும் பழைய ஹாஸ்ய நாடகக் கலையைப் பேணிவரும் குடும்பத்தில் பிறந்தவர். இரு விரல்களை உதட்டருகே நிறுத்தி அவர் மந்திரத்தை முணுமுணுக்கும்போது, தோளும் அசையாது, நெடிய அங்கியின் மடிப்பும் கலையாது. பாலப் பருவம் முதல் மேடைப்பலகையில் பழகிய அந்த அடக்கமே, எந்தத் தந்திரக் காட்சியையும்விட, இவர் கையில் ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்மை நம்ப வைக்கிறது.

புல்லும் பூண்டும் தம் இஷ்டப்படி வளர்ந்த தோட்டத்தை நோக்கிய தாழ்வாரத்தில், புல்லாங்குழல் வல்லவரான மினாமோதோ நோ ஹிரோமாசாவும் செய்மெய்யும் மதுக்கிண்ணத்துடன் அமர்ந்து பேசுவது பாகுவின் கதைகளுக்கே உரிய அழகு. அங்கே செய்மெய் தம் நண்பருக்கு உணர்த்தும் தத்துவம் இது: மந்திரம் என்பது ஒன்றைக் கட்டுவது; கட்டுகளுள் எல்லாம் மிகச் சிறியது பெயர்.

படத்தில், செய்மெய் பணிபுரியும் இலாகாவின் தலைவராகவே இருந்துகொண்டு ராஜ்யத்தைக் கவிழ்க்கத் துணியும் தோசோன், சவாராவின் ஆவியை எழுப்பி விடுகிறார். அதைத் தணிவிப்பவளோ, மூப்பும் மரணமும் அணுகாதவளாய் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இளவரசரின் நினைவோடு காத்திருந்த அவோனெ என்னும் பெண். அநீதியிழைத்த அரசு, அச்சத்தால் தலைநகரை மாற்றிற்று, அச்சத்தாலேயே பட்டமும் அளித்தது; அந்தப் பட்டத்தால் ஆறாத நெஞ்சு, அவரைச் சக்கரவர்த்தியாக அன்றி மனிதராகவே அறிந்து நேசித்த ஒருத்தியின் குரலுக்கு ஆறுகிறது. பெயரே மந்திரம் என்று செய்மெய் சொன்னதன் பொருள் அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்குகிறது.