அறிஞர் அவையின் செயலாளர்

அறிஞர் பலர் கூடும் அவையில் கருத்து வேற்றுமை எழுவது இயல்பே. அது பகையாக முற்றாமல் காப்பதுதான் அரிய பணி. அப்பணியைப் பதினைந்து ஆண்டுகள் தாங்கியவர் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர். ஜெர்மனியிலுள்ள பிரெமன் நகரில் பிறந்த இவர், இலண்டன் மாநகரிலுள்ள இராயல் கழகத்தின் செயலாளர்களுள் ஒருவராக 1662ஆம் ஆண்டில் அமர்ந்தார்.

ஐரோப்பா முழுவதிலுமிருந்து இவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றை இவர் மொழிபெயர்த்து அவையில் படிப்பார். எழுந்த ஐயங்களை எழுதியவருக்கே தெரிவித்து விடை பெறுவார். 1665ஆம் ஆண்டு முதல் அவற்றுட் சிறந்தவற்றைத் தம் செலவிலேயே ஓர் இதழாகவும் வெளியிட்டார். தாம் கண்டதைப் பிறர் கவர்ந்துகொள்வரோ என அஞ்சிய அறிஞர் சிலர், அதனை எழுத்து மாற்றிப் புதிராக எழுதி வைத்த காலம் அது. கடிதம் வந்து சேர்ந்த நாளை ஓல்டன்பர்க் குறித்து வைத்தார். முதலிற் கண்டவர் யார் என்பதற்கு அந்நாளே சான்றாயிற்று. மறைத்து வைக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

1672ஆம் ஆண்டில், ஒளியையும் நிறங்களையும் பற்றி நியூட்டன் எழுதிய கட்டுரை கழகத்திற்கு வந்தது. கழகத்தில் சோதனைகள் செய்து காட்டும் பொறுப்பிலிருந்த இராபர்ட் ஹூக் அதனைக் கடுமையாக மறுத்தார். மறுப்பையும் கட்டுரையையும் ஒருங்கே அச்சிட்டால் நியூட்டன் அதனை அவமதிப்பாகக் கருதக்கூடும் என எண்ணிக் கழகத்தார் கட்டுரையை மட்டும் வெளியிட்டனர். பின்னர் நியூட்டன் எழுதிய விடைகளை அச்சிடுங்கால், மறுத்தவர் பெயர்களை நீக்கிவிடலாம் என்று ஓல்டன்பர்க் அவருக்கு எழுதினார். உண்மை வெளிப்பட்டாற் போதும், பிழைபட்டவர் நாணவேண்டுவதில்லை என்பது அவர் கருத்து.

ஆயினும் வாதங்களால் சலிப்புற்ற நியூட்டன், 1673ஆம் ஆண்டில் கழகத்தினின்றும் விலக விரும்பினார். ஓல்டன்பர்க் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வாதிட்டுத் தடுக்கவும் இல்லை. அவர் செலுத்தவேண்டிய சந்தாவைத் தள்ளிவிட முயல்வதாக அன்புடன் எழுதினார். நியூட்டன் விலகவில்லை. 1703ஆம் ஆண்டில் அக்கழகத்தின் தலைவராகவும் ஆனார்.

ஹூக்கை அமைதிப்படுத்துவதோ ஓல்டன்பர்க்கால் இயலவில்லை. 1675ஆம் ஆண்டில், சுருள்வில் அமைந்த கைக்கடிகைப் பொறியை ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் வெளியிட்டார். அது தமது கருத்தே என்றும், ஓல்டன்பர்க்கே அதனை வெளிநாட்டாருக்கு அறிவித்துவிட்டார் என்றும் ஹூக் குற்றஞ்சாட்டினார். நூலொன்றிலும் பழித்து எழுதினார். எல்லோர் கடிதங்களும் ஒருவர் கைவழியே செல்லும்போது அவர்மீது ஐயமும் எளிதில் எழுமன்றோ! ஓல்டன்பர்க் கழகத்தாரிடம் முறையிட்டார். அவர்கள் 1676ஆம் ஆண்டில் அவருக்குச் சார்பாக அறிவித்தனர்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஓல்டன்பர்க் காலமானார். அவர் வகித்த பதவி ஹூக்குக்கே கிடைத்தது. ஓல்டன்பர்க் நடத்திவந்த இதழ் 1679ஆம் ஆண்டில் நின்றது. 1683ஆம் ஆண்டில்தான் மீண்டும் வெளிவந்தது.